உள்ளடக்கம்: ஒன்று

உலகத்தில் எந்தப் படிவத்துக்கும் கடைசி வரி என்று ஒன்று இருக்கிறது. அதைப் படிக்கிற ஆள்தான் கிடையாது. கொடுக்கிறவர் படிப்பதில்லை, வாங்குகிறவர் படிப்பதில்லை, அச்சடித்தவர் சத்தியமாகப் படித்திருக்க மாட்டார். அப்படி இருக்க, ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வாகன மெய்ப்பிப்பு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் கண்ணாடிக்காரர் அதைப் படித்துத் தொலைத்தார். முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். வருகிறவர்களை எல்லாம் சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, எந்தக் காகிதத்தைக் கண்டாலும் அவர் கண் நேரே அடிக்குத்தான் போகும். கடுகு எழுத்தில் அங்கே இருந்தது: "இன்ஜின் முன்பு இருந்ததேதானா? இல்லையெனில் விவரம் தருக." அவர் பேனாவைத் திறந்து, மணிமணியான கையெழுத்தில் விவரம் தந்தார்.

மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அண்ணே, கையெழுத்துப் போடுங்க, ஜன்னல்ல குடுங்க, முத்திரைய வாங்கிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுங்க. கீழ என்னமோ எழுதியிருக்கும், அதுக்கும் நமக்கும் சம்பந்தமில்ல." அந்த மெக்கானிக்குக்கு ஊரில் போல்ட்டு என்று பேர். எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் கையில் ஒரு போல்ட்டு மிச்சம் இருக்கும். வண்டி மட்டும் எப்படியோ ஓடும்.

கண்ணாடிக்காரரின் காருக்கு இருபத்திரண்டு வயசு. போன வெள்ளிக்கிழமை பாலத்தின் நடுவில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. இந்த ரக இன்ஜினைச் செய்வதையே நிறுத்திப் பத்து வருஷம் ஆகிறது என்றார் போல்ட்டு. எங்கோ பின்பக்கம் அடிபட்டு நொறுங்கிய ஒரு ரொட்டி வண்டி அவர் கண்ணில் பட்டது. பின்னால் அப்பளமாகிவிட்டது, முன்னால் இன்ஜினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கழற்றிக் கொண்டுவந்து, இரண்டு இடத்தில் வெட்டி, மூன்று இடத்தில் வெல்டிங் வைத்து, காருக்குள் உட்கார்த்திவிட்டார். வேலை செவ்வாய் சாயங்காலம்தான் முடிந்தது.

அதனால்தான் திங்கட்கிழமை தவறிப்போனது. கண்ணாடிக்காரரின் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, பகல் இரண்டு மணி. பதினைந்து நிமிஷம் தாமதமானால் அந்த நாற்காலி அடுத்த நோயாளிக்குப் போய்விடும். போகும்போதும் வரும்போதும் அவர் படுத்துக்கொண்டுதான் வர வேண்டும். அதற்காகவே காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றிவிட்டு, டிக்கி வரைக்கும் நீளமாக ஒரு படுக்கை போட்டிருந்தார் கண்ணாடிக்காரர். "திங்கள் போனது போகட்டும், புதனும் போச்சுன்னா..." என்று டாக்டர் போனில் இழுத்தார். மிச்சத்தைக் கேட்கிற தைரியம் இவருக்கு இல்லை. காரின் மெய்ப்பிப்பு முத்திரையும் செவ்வாயோடு காலாவதி. முத்திரை இல்லாத வண்டியைப் பாலத்துச் சோதனைச் சாவடி விடாது. போகிற வழிதானே, பத்து நிமிஷ வேலைதானே என்று, வீட்டில் தனியாக விடப் பயந்து மனைவியையும் காலையிலேயே காரில் படுக்கவைத்து, நேரே இங்கே வந்துவிட்டார்.

மூன்றாம் ஜன்னல் கண்காணிப்பாளர் படிவத்தின் கடைசி வரியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பதினேழு வருஷ சர்வீஸில் அந்தக் கட்டம் நிரம்பி அவர் பார்த்ததே இல்லை.

"சார், என்ன இது? இதுல எழுதியிருக்கீங்க?"

"விவரம் தருகன்னு போட்டிருந்துச்சு. தந்தேன்."

"அது கேக்கத்தான் செய்யும் சார். அதுக்காகச் சொல்லிடுறதா?" அவர் மெல்ல எழுந்து நின்றார். "சரி. எழுதியாச்சு. இனி என் கையில இல்ல. வண்டிய மஞ்சக் கோட்டுக்குள்ள கொண்டாங்க."

மஞ்சள் கோடு முற்றத்தின் நடுவில் பெட்டிபோல வரைந்திருந்தது. கார் அதற்குள் போய் நின்று கண்ணாடிக்காரர் இறங்கியதுதான் தாமதம், கண்காணிப்பாளர் பசையும் காகிதமுமாக வந்து நான்கு கதவுகளிலும் சீல் ஒட்டிவிட்டார். அப்புறம்தான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். உள்ளே படுத்திருந்த அம்மாள் அவரைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அந்தப் பார்வைக்கு எத்தனையோ பேர் பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறார்கள்.

"உள்ள ஆள் இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கலையே" என்றார் கண்ணாடிக்காரர்.

"எழுதினா மட்டும் எல்லாத்தையும் எழுதுறீங்க." கண்காணிப்பாளர் கையிலிருந்த பதிவு அட்டையில் குறித்துக்கொண்டார். உள்ளடக்கம்: ஒன்று.

"சீலப் பிரிங்க சார். அவங்கள இறக்கிடுறேன். ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி."

"சீலப் பிரிச்சா ஆதாரத்தக் கலைச்சதா ஆயிடும். கலைஞ்ச வண்டி நேரா அங்க." அவர் காட்டிய திசையில், முற்றத்தின் கோடியில், ஒரு பிரஸ் மிஷின் இருந்தது. பேச்சுக்குப் பொருத்தமாக அது அப்போது ஒரு நீலக் காரை வாங்கி, அழுத்தி, ஒரு பெட்டியளவுக்குத் துப்பியது. தரை அதிர்ந்தது.

"என்னங்க," என்று நாலு விரற்கடை திறந்திருந்த ஜன்னல் வழியாக டீச்சர் கூப்பிட்டார். "கடைசி வரிய நிரப்பிட்டீங்களா?"

"ம்."

"தெரியும். கல்யாணப் பத்திரிகையிலயே அச்சகத்து விலாசத்தப் படிச்ச மனுஷன் நீங்க."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் மூச்சு வாங்கியது. கண் இமை இரண்டும் காலையில் இருந்ததைவிட வீங்கியிருந்ததைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். பார்த்ததும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். ஒன்பது ஐம்பது. இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு முப்பத்தைந்து நிமிஷம்.

பத்து மணிக்கு எண் வாசிப்பு ஆரம்பமானது. அந்த அலுவலகத்தில் எந்த எண்ணையும் ஒருவர் தனியாகப் படிக்கக் கூடாது. வாசிப்பவர் ஒருத்தர், ஆமோதிப்பவர் ஒருத்தர். வாசிப்பவர் இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக உரக்கச் சொல்வார். ஆமோதிப்பவர் ஒவ்வொன்றுக்கும் "கண்டேன்" என்பார். இருவரும் தொப்பி போட்டிருக்க வேண்டும். நடுவில் வேறு யார் குரலாவது கலந்தால், வாசித்தது செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மொத்தம் பதினான்கு இலக்கம்.

"நாலு!"

"கண்டேன்!"

"ஏழு!"

"கண்டேன்!"

ஒன்பதாவது இலக்கத்தில் காருக்குள்ளிருந்து இருமல் வந்தது. இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள், தூசி தட்டினார்கள், மறுபடி போட்டுக்கொண்டார்கள். நாலு, கண்டேன். இந்தத் தடவை பன்னிரண்டாவதில் பிரஸ் மிஷின் ஒரு வேனைக் கடித்தது. மிஷின் குரலா, சத்தமா என்று இருவருக்கும் தகராறு வந்து, விதிப்புத்தகம் வந்து, அதில் ஒன்றும் இல்லாததால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை கண்ணாடிக்காரர் பொறுக்கமாட்டாமல், "ஐயா, இவ்வளவு தூரத்துல நின்னே எனக்குப் பதினாலும் தெரியுதுங்க, நான் சொல்லிடட்டுமா?" என்று கேட்டுவிட்டார். அவர் குரலும் குரல்தானே. நாலாவது தடவை முடிந்தபோது மணி பதினொன்று இருபது.

"டாக்சி கூப்பிட்டு அவங்கள மட்டும் அனுப்பிடுறேன் சார்," என்று கண்காணிப்பாளர் முன்னால் கைகூப்பினார் கண்ணாடிக்காரர். "வண்டி இருக்கட்டும். நான் இருக்கேன். என்னை வேணும்னா சீல் வெச்சு உட்கார வைங்க."

"புரியாமப் பேசுறீங்களே. உள்ளடக்கம் ஒன்றுன்னு நான் எழுதிட்டேன். நீங்க இறக்கிட்டா உள்ளடக்கம் பூஜ்யம். நான் பொய் எழுதினதா ஆகாதா? எனக்கும் குடும்பம் இருக்கு சார்." உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் கண்ணாடிக்காரருக்கு இன்னும் பயமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"வேற என்னதான் பண்ணணும்?"

"பழைய இன்ஜின் வரணும். அது ஓடாதுன்னு நாங்க கண்ணால பாக்கணும். ஓடுற இன்ஜின மாத்தியிருந்தா அது குற்றம். வண்டி பறிமுதல்."

போன் போன இருபதாவது நிமிஷம் போல்ட்டு வந்துவிட்டார், மூன்று சக்கர வண்டியில் பழைய இன்ஜினை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டு. இறங்கியதும் காரிடம் ஓடினார்.

"அக்கா, தண்ணி எதாவது வேணுமா?"

"எனக்குத் தண்ணியே ஆகாதுப்பா. அதுதானே வியாதி," என்றார் டீச்சர். "நீ அந்தக் கிழட்டு இன்ஜின் செத்துப்போச்சுன்னு நிரூபிச்சிட்டு வா, அது போதும்."

தரையில் மரக்கட்டை வைத்து இன்ஜினை நிறுத்தினார்கள். பாட்டரி வந்தது, ஒயர் வந்தது. தொப்பிக்காரர் இருவரும் பக்கத்துக்கு ஒருவராக நின்றார்கள். போல்ட்டு கண்ணாடிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். "பிஸ்டனே உருகிக் கெடக்குண்ணே. இது ஓடினா நான் மீசைய எடுத்துக்கிறேன்." ஒயரைத் தொட வைத்தார்.

இன்ஜின் இருமியது.

நல்ல பெரிய இருமல். ஒரு புகை வளையம் வேறு. பாலத்தில் நாலு பேர் தள்ளியும் ஒரு முனகல் வராத சனியன், ஐந்து நாள் மூலையில் கிடந்தபின் இன்றைக்கு வந்து உயிரைக் காட்டுகிறதே என்று கண்ணாடிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. போல்ட்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு, தன்னையறியாமல் மீசையைத் தடவினார்.

"இருமிச்சு," என்றார் வாசிப்பவர்.

"கண்டேன்," என்றார் ஆமோதிப்பவர்.

"ஐயோ, அது உள்ள தங்கியிருந்த பெட்ரோல் ஆவி சார்! ஓடலையே!"

"இருமினா உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார்.

"சார்," என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல். "நானும் காலையில இருந்து இருமிக்கிட்டிருக்கேன். உயிரோட இருக்கேன்னு என்னை யாரும் எழுதலையே. அதுக்கு மட்டும் எப்படி எழுதுவீங்க?"

பேனா நின்றது. விவகாரம் கைமீறிவிட்டது என்று தெரிந்து, கண்காணிப்பாளர் மாடிக்கு ஓடினார். உயர் அதிகாரி இறங்கி வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. டீச்சரின் கண் பாதி மூடியிருந்தது. கண்ணாடிக்காரர் நாலு விரற்கடைச் சந்தில் கையை நுழைத்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டார். சில்லென்று இருந்தது. இன்னும் முக்கால் மணி. அதற்குள் கிளம்பாவிட்டால் நாற்காலி போயிற்று.

உயர் அதிகாரி அவசரப்படுகிற ஜாதி இல்லை. முதலில் அவருக்கு ஒரு மேசை வந்தது, பிறகு மேசைக்கு ஒரு விரிப்பு வந்தது, பிறகு விரிப்பு பறக்காமல் இருக்க நாலு கல் வந்தது. அப்புறம் பேசினார்.

"இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒரு தப்பு நடந்தது கிடையாது. நடந்திருந்தா ஃபைல்ல இருக்கும். ஃபைல்ல இல்ல. ஏன் இல்ல? நாங்க எழுதல. இந்த நேர்மைய வெளிய எங்கயும் பாக்க முடியாது." தொப்பிக்காரர்கள் தலையசைத்தார்கள். "பொதுமக்கள்கிட்ட உள்ள குறை என்னன்னா, வண்டிய வண்டின்னு நெனைச்சுக்கிறாங்க. நாலு சக்கரம், கதவு, கலரு. அதெல்லாம் சுத்தியிருக்கிற தகரம். நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, ஒரு வண்டியக்கூட நான் நேர்ல பார்த்ததில்ல. பார்க்காததாலதான் குழப்பமில்லாம முடிவெடுக்க முடியுது."

"ஐயா, மணி ஒண்ணாகப் போகுது..."

"மணி சரியாத்தான் போகும். நீங்க இருங்க." அவர் விரலால் மேசையைத் தட்டினார். "வண்டியோட அடையாளம் இன்ஜின் எண். அந்த எண் யாரோடது?"

வாசிப்பவர் பேரேட்டைப் புரட்டினார். "ரொட்டி வண்டிங்கய்யா. உடம்பு நொறுங்கிடுச்சு. ஃபைலு உயிரோட இருக்கு. மெய்ப்பிப்பு அடுத்த வருஷம் வரைக்கும் செல்லும்."

"அப்புறம் என்ன? இந்த ஆளோட கார் செத்துப்போச்சு. அதோட ஃபைல இருமலோட சேத்து முடிச்சிடுங்க. கோட்டுக்குள்ள நிக்கிறது ரொட்டி வண்டி. அதுக்கு முத்திரை இருக்கு. யாருக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல."

கண்ணாடிக்காரர் காலில் விழாத குறை. "அப்ப நாங்க போகலாமுங்களா?"

"வண்டி போகலாம். ரொட்டி வண்டியில ஆள் ஏத்தக்கூடாது. உள்ளடக்கத்த இறக்கிடுங்க."

"இறக்கினா எழுதினது பொய்யாயிடும்னு சொல்றாங்களே!"

"ஆமா, இறக்க முடியாது," என்று உயர் அதிகாரி ஒப்புக்கொண்டார். "இறக்காம போகவும் முடியாது. சிக்கல்தான். ஒரு குழு போட்டு, வெள்ளிக்கிழமை வாக்குல..."

கண்ணாடிக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. வாழ்நாளில் யாரையும் அதட்டிப் பேசாத மனிதர், மேசை மேல் இருந்த கல்லில் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே தெரியாது. விரிப்பின் ஒரு மூலை பறந்தது. தொப்பிக்காரர்கள் பின்வாங்கினார்கள். கோடியில் பிரஸ் மிஷின் வாயைத் திறந்து வைத்திருந்தது.

"என்னங்க, கல்லக் கீழ வைங்க." டீச்சர் குரல். "ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும். ரொட்டி வண்டியில ரொட்டி போகலாம்தானே?"

"தாராளமா."

"ரொட்டி கெடுற பொருளாச்சே. எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம்?"

உயர் அதிகாரி விதிப்புத்தகத்தை வாங்கினார். "கெடும் பொருள் ஏற்றிய வண்டியை அரை மணி நேரத்துக்கு மேல் தடுத்து வைக்கலாகாது." அவரே திடுக்கிட்டார். "காலையில இருந்து நாலு மணி நேரமா நிறுத்தியிருக்கீங்களாய்யா? விதிமீறல்! யாரு பொறுப்பு?"

கண்காணிப்பாளர் அட்டையை நீட்டினார். "உள்ளடக்கம் ஒன்றுன்னுதாங்கய்யா எழுதினேன். ரொட்டின்னு தெரியாதுங்கய்யா."

"ஒண்ணுதானே," என்றார் டீச்சர். "ஒரு ரொட்டின்னு எழுதிக்குங்க. பெருசுன்னு போட்டுக்குங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவரவர்க்கு அவரவர் வேலை. கெடும் பொருள் அனுப்புச் சீட்டு ஓடி வந்தது. கண்ணாடிக்காரர் காரின் பானெட் மேல் வைத்து எழுதினார். பொருள்: ரொட்டி. எண்ணிக்கை: ஒன்று. பெறுமிடம்: ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி. அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"இந்தத் தேதிக்கும் நேரத்துக்கும் பின் கெட்டுவிடும்."

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் போனில் இழுத்துவிட்டு விட்ட இடத்தைப் படிவம் கூசாமல் கேட்டது. கை எழுதமாட்டேன் என்றது. மணி ஒன்று பத்து.

"காலியா விடக்கூடாது சார்," என்றார் கண்காணிப்பாளர் மெதுவாக.

"இன்னைக்கு, ரெண்டேகால்னு எழுதுங்க," என்றார் டீச்சர் உள்ளிருந்து. "எழுதுங்க. நான்தான் சொல்றேனே. தெரியாமலா ரெண்டு பேரும் இத்தனை நாளா ஓடிக்கிட்டிருக்கோம்?"

எழுதினார். எழுத்து மணிமணியாக இல்லை. உயர் அதிகாரி வாங்கிப் படித்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பதறினார். "ரெண்டேகாலா? யோவ், கெட்டுடும்யா! கேட்டத் தெறங்க! அந்த மிஷின நிறுத்துங்க!" முன் கண்ணாடியில் ரொட்டி என்று கொட்டை எழுத்தில் ஒட்டினார்கள். ஓட்டுநர் கதவுச் சீல் காகிதத்தை அவர்களே கிழித்தார்கள். கெடும் பொருளுக்கு எதையும் கிழிக்கலாமாம்.

பாலத்தில் சாவடிக்காரன் சீட்டைப் பார்த்ததும் மற்ற வண்டிகளை ஓரங்கட்டி வழி விட்டான். ரொட்டி வண்டி இன்ஜினுக்கு இந்த ஓட்டம் பழகியதுதான் போல, மேட்டில்கூட மூச்சு வாங்கவில்லை. கண்ணாடிக்காரர் வழியெல்லாம் பின்னால் பார்த்து, "என்னம்மா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். முதலில் "இருக்கேன்" என்று பதில் வந்தது. அப்புறம் "ம்" என்று வந்தது. கடைசித் திருப்பத்தில் ஒன்றும் வரவில்லை.

இரண்டு மணி ஒன்பது நிமிஷத்துக்கு இரண்டாம் மாடியில் நர்சம்மா டீச்சரை நாற்காலியில் சாய்த்து ஊசியைக் குத்தினார். ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீச்சர் கண்ணைத் திறந்து, "வெயில் கண்ணுல அடிக்குது, திரையப் போடுங்க" என்றார். கண்ணாடிக்காரர் திரையை இழுத்துவிட்டு, அதற்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு வந்தார்.

சீட்டின் முதல் தாளில், "சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்ற இடத்தில் நர்சம்மா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அவரும் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறவர்தானே. அடியில் இன்னொரு தாள் இருந்தது. அது இல்லாமல் பாலத்தைத் திரும்பக் கடக்க முடியாது. "சரக்கு திருப்பி எடுத்துச் செல்லப்படுவதன் காரணம்: பழையது, உடைந்தது, வாங்குவாரில்லை, பிற."

டயாலிசிஸ் ஓடிய நாலு மணி நேரமும் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்புகிற நேரத்தில் 'பிற' என்பதை வட்டமிட்டு, பக்கத்தில் எழுதி, காரில் சாய்ந்து படுத்திருந்த மனைவியிடம் நீட்டினார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"வீட்டில் இவள் இல்லாமல் ஆகாது."

விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமையும் இதையேதான் எழுதுவீங்களா?"

"வேற என்னத்த எழுத?"

"அப்ப போற வழியில ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்குங்க."

"எத்தனை போடட்டும்?"

"நூறு போடுங்க. பத்தலைன்னா பாத்துக்கலாம்."